மறுகால் திறந்த நாளில், மாமாவுக்கு

அன்புள்ள மாமா,

ஒவ்வொரு ஞாயிறும் போனில் "ஆறு எப்படி கிடக்கு?" என்று கேட்கிறீர்கள். "தண்ணி உண்டு மாமா" என்று சொல்லிவிட்டு நான் போனை அம்மாவிடம் கொடுத்துவிடுவேன். பெங்களூரில் நாலாவது மாடியில் இருந்துகொண்டு கேட்கிறவருக்கு அது ஒரு பதிலா? அந்த உறுத்தலில்தான் இன்று விடிந்ததும் திற்பரப்பு அருவியிலிருந்து கீழே கோதையாற்றின் கரையோரமாக நடந்தேன்.

மலையில் மூன்று நாளாக மழை. பேச்சிப்பாறை அணை 48 அடியை நெருங்கி, உபரித் தண்ணீர் போக மறுகால் திறந்துவிட்டார்கள். அருவியில் குளிக்கத் தடை. பாறை ஒன்றுகூடத் தெரியவில்லை. நீங்கள் எனக்கு நீச்சல் பழக்கிய ஆழக் கசத்தின் மேல் கோதையாறு கலங்கிச் சிவந்து, சுழித்து, ஓடிக்கொண்டிருக்கிறது.

அப்புறம் காற்று. மார்கழி வாடை மலைப்பக்கத்திலிருந்து இறங்கி, வேட்டியைக் காலோடு சுற்றிவிடுகிறது. ரப்பர் இலையெல்லாம் பழுத்துவிட்டது. ஒரு வீச்சுக்கு நூறு இலை கொட்டுகிறது. மழைக்குப் பிளாஸ்டிக் கட்டிய மரங்களில் மட்டும் பால் வெட்டியிருந்தார்கள். ஒரு அக்கா சிரட்டை சிரட்டையாகப் போய், பாலுக்குள் விழுந்த இலையை இரண்டு விரலால் எடுத்து, ஒட்டிய பாலைச் சிரட்டை விளிம்பிலேயே வழித்துவிட்டுப் போட்டார். ஒரு சொட்டை விடவில்லை. அதைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றேன்.

ஒன்று கவனித்தேன் மாமா. காற்று ஆற்றுப்பக்கமிருந்து அடித்தால் இரைச்சல் காதை அடைக்கிறது. திசை மாறினால், பத்தடி தள்ளி ஓடுகிற ஆறு எங்கேயோ தூரத்தில் கேட்கிறது. "காத்து அடிக்கும்போ சத்தத்த நம்பாத, வெள்ளத்துக்க நிறத்தப் பாரு, சருகு வருதான்னு பாரு" என்று சின்ன வயதில் நீங்கள் சொன்னதற்கு இன்றைக்குத்தான் எனக்கு அர்த்தம் தெரிந்தது. முப்பது வருஷம் ஆகியிருக்கிறது.

உங்களைப் போலவே ஒரு தென்னை ஈர்க்கிலை ஒடித்து, தண்ணீர் முட்டும் இடத்தில் மணலில் குத்தி வைத்தேன். ஒரு கல்லில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு நுரை ஒன்று வந்து ஈர்க்கிலைச் சுற்றி நின்றது. அதன் பின்னால் தேக்குச் சருகு, ஒரு வாழைத்தடை. அரை மணி நேரத்தில் இரண்டு விரல்கடை ஏறிவிட்டது. எழுந்து மேல் பாதைக்குப் போய்விட்டேன். நீங்கள் கூட இருந்திருந்தால் சருகைப் பார்த்ததுமே என் கையைப் பிடித்து இழுத்திருப்பீர்கள்.

நீங்கள் கால்வாயில் பார்த்த லஸ்கர் வேலையை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. ஷட்டரைத் திறப்பதும் அடைப்பதும்தானே என்பார்கள். நான் பார்த்தவன். இரவு கால்வாய்க்கரை முழுக்க டார்ச்சோடு நடப்பீர்கள், நண்டு வளையில் கசிவு இருக்கிறதா என்று. 2017 நவம்பர் 30, ஒக்கி புயல் அடித்த அன்று, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் வெட்டுக்கத்தியை எடுத்துக்கொண்டு கரைக்குப் போனீர்கள். விழுந்த ரப்பர் மரங்கள் கால்வாயை அடைத்தால் வயலுக்குத் தண்ணி போகாதே என்று மாமியிடம் சொன்னது எனக்குக் கேட்டது. அணையைக் கட்டிய மிஞ்சின் துரையின் கல்லறைக்குக் கூட்டிப்போய், செருப்பைக் கழற்றச் சொன்னதும் நீங்கள்தான். 1906-ல் முடித்த அணை இன்றும் கும்பப்பூ நெல்லுக்கு நீர் தருகிறது என்று சொல்லும்போது உங்கள் குரலே மாறிவிடும்.

மூவாற்றுமுகம் வரைக்கும் போனேன். பறளியாறு வந்து சேரும் இடத்தில் இரண்டு தண்ணீரும் கொஞ்ச தூரம் கலக்காமல் போகிறது. இந்தப் பக்கம் செம்மண் நிறம், அந்தப் பக்கம் கொஞ்சம் தெளிவு. அங்கேயிருந்து திருவட்டாறு போய், ஆதிகேசவப் பெருமாளைக் கும்பிட்டு, உங்கள் முட்டுவலிக்கும் ஒரு வார்த்தை சொல்லி, பஸ் ஏறினேன்.

மாமா, மாசி பிறந்துவிட்டால் கும்பப்பூ அறுப்பு. பிறகு கால்வாயும் அடைபடும், ஆறும் பாறை காட்டத் தொடங்கும். அதற்குள் வாருங்கள். டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறார் என்று மாமியே சொன்னார். கரையில் ஏறி இறங்க வேண்டாம், மேல் பாதையில் மெதுவாகப் போவோம். நாகர்கோவில் ஸ்டேஷனுக்கு நான் வந்துவிடுகிறேன். கம்பிளித் தொப்பியை மட்டும் மறக்காதீர்கள், வாடை காதைத்தான் முதலில் பிடிக்கிறது.

உங்கள் மருமகன்