கறிவேப்பிலைச் செடிச் சிலந்தியைக் கலைக்காதீர்கள்

மாடித்தோட்டக் குழுவினருக்கு வணக்கம்.

தண்ணீர்த் தொட்டி அருகே கறிவேப்பிலைச் செடியில் இருக்கும் சிலந்தியைப் பார்த்துச் சிலர் பயந்திருக்கிறீர்கள். வயிற்றில் மஞ்சள் பட்டைகள். எட்டுக் கால்களையும் இரண்டிரண்டாகச் சேர்த்துப் பெருக்கல் குறிபோல் விரித்துத் தலைகீழாக அமர்ந்திருக்கும். வலையில் வெள்ளை நூலால் நெளிநெளியாகக் கையெழுத்திட்டதுபோல் ஒரு பின்னல். அதனால் இதற்குக் கையெழுத்துச் சிலந்தி என்று பெயர். எவ்வளவு அழகு, நின்று பாருங்கள்! இது பெண், ஆண் மிகச் சிறியது, வலையோரத்தில் தேட வேண்டும்.

சீண்டினால் வலையை உலுக்கும், இல்லையேல் கீழே விழுந்து ஒளியும். கையில் பிடித்து அழுத்தினால் கடிக்கலாம். ஆனால் மனிதருக்கு ஆபத்தான நஞ்சில்லை. ஈயும் வெட்டுக்கிளியும் இதற்கு உணவு.

ஒட்டடைக் குச்சியும் பூச்சிமருந்தும் அந்தப் பக்கம் வேண்டாம். நடைவழியில் வலை இருந்தால், சிலந்தியை ஒரு குச்சியில் ஏற்றி அடுத்த செடியில் விடுங்கள். புதிதாகக் கட்டிக்கொள்ளும்.