தில்லியில் தோட்டம் போட மே மாதமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். கோடை விடுமுறையில் குழந்தைகளை வைத்துக்கொண்டு வீட்டுத் தோட்டம் போடுவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல விஷயம்தான், ஆனால் முழுக்க முழுக்கக் கோயம்புத்தூர்க்காரர்களுக்காக எழுதினது மாதிரி இருக்கிறது. உங்கள் பத்திரிகையைத் தில்லியிலும் காசு கொடுத்து வாங்குகிறோம் ஐயா. 2024 மே கடைசியில் இங்கே சப்தர்ஜங் வானிலை நிலையத்திலேயே வெயில் 46 டிகிரியைத் தாண்டியது. லூ என்கிற அனல் காற்று அடிக்கிற அந்த நாட்களில் துளசியைக் காப்பாற்றுவதே பெரிய பாடு, இதில் நாலு வயதுப் பிள்ளையைக் கரண்டியும் கையுமாகப் பால்கனியில் உட்கார வைத்தால் வீட்டில் என்னை உள்ளே விடுவார்களா?

சரி, ஆடிப்பட்டம் பார்க்கலாம் என்றால் அப்போது இங்கே மழையும் புழுக்கமும். வெண்டையும் சுரையும் வரும், கூடவே கொசுவும் வரும். தில்லியில் சின்னக் குழந்தைகளோடு தோட்டம் தொடங்க நவராத்திரிதான் சரியான நேரம். ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் தரையோடு இருந்த காலத்திலும் சரி, இப்போது மயூர் விகாரில் மூன்றாவது மாடியில் இருக்கும்போதும் சரி, என் அனுபவம் இதுதான்.

கொலுவுக்குப் பார்க் கட்டுவோம் இல்லையா, அதுதான் பிள்ளைகளின் முதல் வயல். நவராத்திரிக்கு நாலைந்து நாள் முன்னால் ஒரு பழைய தாம்பாளத்தில் மண்ணைப் பரப்பி, கடுகும் கேழ்வரகும் ஊறவைத்த வெந்தயமும் தூவச் சொல்லுங்கள். கடுகு மூன்றாம் நாளே தலையைக் காட்டிவிடும். சின்னப் பிள்ளைகளின் பொறுமை அவ்வளவுதான், தக்காளியைப் போட்டுவிட்டு மூன்று மாதம் காத்திரு என்றால் அவர்கள் அதை மறந்துவிட்டு வேறு விளையாட்டுக்குப் போய்விடுவார்கள். எங்கள் எதிர் வீட்டுப் பஞ்சாபிக் குடும்பத்தில் அதே நாட்களில் மண் சட்டியில் ஜௌ, அதாவது பார்லி, விதைக்கிறார்கள், நம் ஊர் முளைப்பாரி மாதிரியேதான். அஷ்டமியன்று சின்னப் பெண் குழந்தைகளைக் கும்பிட்டுச் சாப்பாடு போடும் கஞ்சக்குக் கூப்பிட்டால் என் பேத்தி பூரி அல்வாவை விட்டுவிட்டு முதலில் அந்தச் சட்டியைப் போய்ப் பார்க்கிறாள். அவர்கள் வீட்டு முளை நம் வீட்டு முளையைவிட உயரமாம், அந்த வருத்தம் ராத்திரி தூங்குகிறவரை ஓடும்.

அப்புறம் அக்டோபரிலேயே நிஜமான தொட்டிகளைத் தொடங்கிவிடலாம். ஆன்லைனில் சிறுவர் தோட்டப் பெட்டி என்று கலர் கலராக விற்கிறார்களே, அதெல்லாம் வேண்டாம், அஞ்சறைப் பெட்டி போதும். தனியாவைச் செருப்பின் அடியால் லேசாகத் தேய்த்தால் ஒவ்வொன்றும் இரண்டாகப் பிளக்கும், இரண்டு பாதியுமே முளைக்கும். இந்தத் தேய்க்கிற வேலைக்கு எங்கள் வீட்டில் அடிதடி. வெந்தயக்கீரை ஒரு மாதத்தில் பறிக்கலாம், சிவப்பு உருண்டை முள்ளங்கியும் கிட்டத்தட்ட அப்படித்தான் (நீள முள்ளங்கிக்கு ஆழமான தொட்டி வேண்டும், நாளும் அதிகம்). பட்டாணிக்குக் கிரில் ஓரமாக இடம் கொடுங்கள். அதன் பற்றுக்கம்பி முந்தின நாள் காற்றில் ஆடிக்கொண்டிருக்கும், மறுநாள் பார்த்தால் கிரில் கம்பியை இரண்டு சுற்றுச் சுற்றியிருக்கும். பேத்தி விரலை நீட்டி அதன் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "பாட்டி, என் விரலை எப்போ பிடிக்கும்?" என்று நிற்பாள். அந்த நேரம் டிபன், ஸ்கூல் பஸ் எல்லாம் காத்திருக்க வேண்டியதுதான்.

முளைத்ததைத் தினமும் பிடுங்கிப் பார்த்துவிட்டுத் திரும்ப நடும் பிள்ளைகளைத் திட்டுகிறவர்கள் அதிகம். எனக்கு அது சரியாகப் படவில்லை. வேர் எப்படி இருக்கிறது என்று வேறு எப்படித்தான் தெரிந்துகொள்ளும்? பிடுங்குவதற்கென்றே ஒரு தொட்டியை விட்டுவிடுங்கள், மற்றவை தப்பிக்கும். மண்ணைத் தொட்டால் டெட்டனஸ் என்று பயப்படும் தாய்மார்கள் ஒன்றரை வயதிலும் ஐந்து வயதிலும் பூஸ்டர் போட்டாயிற்றா என்று அட்டையைப் பார்த்துக்கொள்ளட்டும், நகத்தை வெட்டி, சோப்புப் போட்டுக் கை கழுவ வைக்கட்டும். மண்ணைவிட எனக்குப் பயம் அழகுச் செடிகள்மேல்தான். இங்கே பாதி வீட்டு வரவேற்பறையில் டிஃபன்பேக்கியா நிற்கிறது, அதன் இலையைக் குழந்தை கடித்தால் வாயும் நாக்கும் எரிந்து வீங்கிவிடும். ரோட்டு நடுவில் வரிசையாகப் பூத்து நிற்கும் அரளியின் எல்லாப் பாகமும் விஷம். உங்கள் கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லாதது பெரிய குறை.

கொசுவையும் சொல்லிவிடுகிறேன். டெங்குக் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும், தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டே அதற்குப் போதும். முட்டை கொசுவாக ஏழெட்டு நாள் முதல் பத்து நாள் ஆகும் என்பதால் வாரம் ஒரு முறை தட்டைக் கவிழ்த்துத் துடைத்தால் சரியாகிவிடும். இந்த வேலையைப் பேரனிடம் விட்டிருக்கிறோம், தண்ணீரைக் கொட்டச் சொல்லிப் பெரியவர்களே உத்தரவு போடுவதில் அவனுக்கு ரொம்பப் பெருமை.

நவம்பரில் புகை வந்துவிடும். சின்ன வகுப்புகளை ஆன்லைனுக்கு மாற்றுகிற அளவுக்குக் காற்று கெட்டுப்போகும் நாட்களில் பால்கனியும் வேண்டாம். பச்சைப்பயற்றைக் கண்ணாடி டம்ளரில் ஈரத் துணிக்கும் கண்ணாடிக்கும் நடுவே செருகி ஜன்னலில் வைத்துவிட்டால், உள்ளே இருந்தபடியே வேர் இறங்குவதைப் பார்க்கலாம். பிப்ரவரியில் எல்லோரும் ஜனாதிபதி மாளிகைத் தோட்டமான அம்ருத் உத்யானுக்கு ஓடுகிறார்கள். 2023 வரை மொகல் கார்டன் என்று சொன்னோமே, அதுதான். டூலிப் அழகுதான், ஆனால் தொடாதே, மிதிக்காதே என்று சொல்லியே நமக்குத் தொண்டை கட்டிவிடும். சின்னப் பிள்ளைகளுக்கு ஹுமாயூன் கல்லறைக்குப் பக்கத்து சுந்தர் நர்சரி மேல், தொண்ணூறு ஏக்கரில் ஓடித் தீர்க்கலாம்.

ஆகவே அடுத்த முறை இப்படி ஒரு கட்டுரை போட்டால் வடக்கே இருப்பவர்களுக்கென்று அரைப் பக்கமாவது ஒதுக்குங்கள். அதையும் ஆவணியிலேயே போட்டுவிடுங்கள், தபாலில் உங்கள் இதழ் இங்கே வந்து சேர்வதற்குள் கொலுவே முடிந்துவிடுகிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மயூர் விகார், தில்லி