இரண்டாவது புத்தகம்

ராயப்பேட்டை, சென்னை-14
ஞாயிறு மாலை

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமையே வந்துவிட்டது. ஐந்து நாள் கழித்துத்தான் உட்கார முடிந்தது. புத்தகக் காட்சி முடிந்த கையோடு எங்கள் பதிப்பகத்தில் வேலை குவியும் காலம் இது. நந்தனம் மைதானத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஊர் திரும்புகிறவர்கள், பரணில் கிடக்கும் நோட்டை எடுத்துத் தூசி தட்டுவார்கள் போலிருக்கிறது. பிப்ரவரி முழுக்கத் தபாலும் வாட்ஸ்அப்புமாக வந்துகொண்டே இருக்கும். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? தங்கச்சி சொல்வதைக் கேட்டு மாடி ஏறுவதைக் கொஞ்ச நாள் விடு.

முதலில் உன் மருமகன் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். அவர் கவிதைகளைப் புத்தகமாகப் போட ஒரு நிறுவனம் கேட்ட தொகை என்று நீ அனுப்பிய விலைப்பட்டியலை இரண்டு தடவை படித்தேன். 96 பக்கக் கவிதைத் தொகுப்புக்கு 45,000 ரூபாய். அதில் ஐ.எஸ்.பி.என். என்கிற புத்தக அடையாள எண் வாங்கித் தர 3,000 என்று போட்டிருக்கிறார்கள். அந்த எண்ணுக்குக் காசே கிடையாதப்பா. டெல்லியில் ராஜா ராம்மோகன் ராய் பெயரில் இருக்கும் மத்திய அரசின் முகமை அதை இலவசமாகத் தருகிறது. எழுதியவரே இணையத்தில் விண்ணப்பிக்கலாம். அலைந்து வாங்கித் தரும் உழைப்புக்குக் கூலி என்றால், கூலி என்றே சொல்லிக் கேட்கலாம். 'உலகளாவிய விநியோகம்' என்று 8,000 இருக்கிறதே, அது இரண்டு மூன்று இணையக் கடைகளில் புத்தகத்தின் பெயரும் அட்டைப்படமும் ஏற்றிவைப்பது. யாராவது கேட்டால் அன்றைக்கு ஒரு பிரதி அடித்து அனுப்புவார்கள். பாராட்டுச் சான்றிதழும் கேடயமும் சேர்த்து 5,000. அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

எனக்கு வருத்தமாக இருந்தது வேறு விஷயம். அந்தப் பட்டியலில் பதினோரு வரி இருக்கிறது. கவிதைகளை ஒருவர் உட்கார்ந்து படிப்பார் என்று எந்த வரியிலும் இல்லை.

மாப்பிள்ளையைக் கையெழுத்துப் போட வேண்டாம் என்று சொல். அவர்களிடம் சில விஷயங்களைக் கேட்கச் சொல். யார் படித்துத் திருத்துவார்? அவரோடு போனில் பேச முடியுமா? எழுத்தாளருக்குப் பங்கு என்கிறார்களே, அது அட்டையில் போட்ட விலையிலா, கடைக்காரர் கழிவும் அச்சுச் செலவும் போன மிச்சத்திலா? நாளைக்கு வேறு இடத்தில் போட நினைத்தால் வடிவமைத்த கோப்பைக் கொடுப்பார்களா? இதற்கெல்லாம் நேராகப் பதில் வந்தால் அப்புறம் பணத்தைப் பேசலாம். கவிதைகளை எனக்கும் அனுப்பச் சொல். எங்களிடம்தான் போட வேண்டும் என்றில்லை, படித்து நினைப்பதைச் சொல்கிறேன்.

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன். "ஸ்டார்ட்டப் ஸ்டார்ட்டப் என்கிறாயே, வளர்ந்திருக்கிறதா?" என்று கேட்டிருந்தாய். வளர்ந்திருக்கிறது. நான்கு வருடம் முன்பு இதைத் தொடங்கிய இரண்டு பிள்ளைகளும் திருவல்லிக்கேணியில் நான் வேலை பார்த்த, கணினியில் எழுத்துக் கோத்துத் தரும் டி.டி.பி. கடைக்கு வந்து, "சார், உங்களுக்கு எழுத்து தெரியும், எங்களுக்கு விற்கத் தெரியும்" என்று கூப்பிட்டபோது ஒரு மாடி அறையும் இரண்டு கணினியும்தான் இருந்தன. முதல் வருடம் 11 புத்தகம். போன வருடம் 64. இப்போது எட்டுப் பேர் வேலை செய்கிறோம், அதில் மூன்று பேர் திருத்துகிறவர்கள். சம்பளம் ஒன்றாம் தேதி வந்துவிடுகிறது. எல்லா மாதமும் அப்படி இருந்ததில்லை.

இது எப்படி நடக்கிறது என்று யோசித்தால் எனக்கு ஜெயராஜ்தான் ஞாபகம் வருகிறான். 1988-ல் அவன் கவிதைத் தொகுப்பு போட்டானே, சிவகாசியிலிருந்து நாம் மூன்று பேரும் பஸ்ஸில் கட்டு கட்டாக ஏற்றிக்கொண்டு வந்தோமே. ஆயிரம் பிரதி. அக்கா வளையலை அடகு வைத்த காசு. இருநூறுகூட விற்கவில்லை. சாத்தூர் வீட்டில் கட்டிலுக்கு அடியில் மிச்சம் இருந்தது, அவன் போன பிறகு நீயும் நானும் போய் இழுத்தபோது கரையான் அரித்த மண்ணாக வந்தது. அவனுக்கு ஆயிரம் வேண்டியிருக்கவில்லை, நூறு இருந்திருந்தால் போதும். ஆனால் ஆஃப்செட் அச்சில் நூறு அடித்தாலும் ஆயிரம் அடித்தாலும் பிளேட் என்கிற அச்சுத் தகடு போடும் செலவு ஒன்றுதான். நூறு பிரதி என்றால் ஒவ்வொன்றின் தலையிலும் அந்தச் செலவு ஏறி உட்கார்ந்துவிடும். அதனால் எல்லாரும் ஆயிரம் அடித்தார்கள். இன்றைக்கு டிஜிட்டல் அச்சில் பிளேட் இல்லை. ஒரு பிரதி வேண்டுமென்றால் ஒரு பிரதி அடிக்கலாம். ஒன்றுக்கு ஆகும் செலவு ஆஃப்செட்டைவிடக் கூடுதல்தான், எங்கள் கணக்கில் ஏறக்குறைய இரண்டு மடங்கு வருகிறது. ஆனால் கட்டிலுக்கு அடியில் எதுவும் கிடக்காது. ஜெயராஜ் காலத்தில் இந்த இயந்திரம் இருந்திருந்தால் அந்த வளையல் அக்கா கையில் இருந்திருக்கும்.

தன் எழுத்தைத் தானே அச்சிட்டு விற்கப் பாரதியே ஆசைப்பட்டவர்தானே. 1920-ல் தன் எழுத்தையெல்லாம் 40 புத்தகங்களாக, ஒவ்வொன்றிலும் 10,000 பிரதி அச்சிடத் திட்டம் போட்டு, கடன் கேட்டு நண்பர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பினார். மண்ணெண்ணெய், தீப்பெட்டியைவிட வேகமாகத் தன் நூல்கள் விற்கும் என்று நம்பி எழுதியிருந்தார். பணம் வரவில்லை. அடுத்த வருடம் செப்டம்பரில் அவரே போய்விட்டார். அந்தச் சுற்றறிக்கையைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். கையில் எழுத்து இருந்து, காசு இல்லாமல் நின்ற மனிதர்களின் வரிசை அவரோடு தொடங்கவும் இல்லை, அவரோடு முடியவும் இல்லை.

இப்போது கதவு திறந்திருக்கிறது. எழுதுகிறவரே புத்தகம் போட்டுக்கொள்ள வழிசெய்யும் நோஷன் பிரஸை 2012-ல் நம் சென்னையில்தான் தொடங்கினார்கள். 2014-ல் பெங்களூரில், இணையத்திலேயே கதை எழுதவும் படிக்கவும் பிரதிலிபி. 2016 கடைசியில் அமேசானின் மின்புத்தகக் கடையான கிண்டிலில் தமிழும் வந்துவிட்டது. சமையலறையில் உட்கார்ந்து போனிலேயே நாவல் எழுதும் பெண்களுக்கு இன்றைக்கு ஆயிரக்கணக்கில் வாசகர்கள். யாரிடமும் போய்க் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. இதை நான் மனதாரக் கொண்டாடுகிறேன்.

ஆனால் கதவைத் திறந்தபோது, கதவுக்குப் பக்கத்தில் பென்சிலோடு உட்கார்ந்திருந்த ஆளையும் சேர்த்து அனுப்பிவிட்டோம். பழைய பதிப்பாளர்கள் பத்துப் பேரில் ஒன்பது பேரைத் திருப்பி அனுப்பினார்கள், உண்மைதான். எடுத்துக்கொண்ட அந்த ஒருவரின் எழுத்தை வரி வரியாகப் படிக்க ஆள் இருந்தது. இப்போது பத்துப் பேரின் புத்தகமும் வருகிறது, ஒருவருடையதையும் அச்சுக்கு முன்னால் யாரும் படிப்பதில்லை. புதிதாக எழுதுகிறவருக்கு இதைவிடப் பெரிய அநியாயம் இல்லை என்று நினைக்கிறேன். 'வேலைக் கொடுத்தான்' என்று எழுத வேண்டிய இடத்தில் ஒரு 'க்' விட்டுப் போய், மன்னன் தளபதிக்கு ஈட்டியைக் கொடுப்பதற்குப் பதில் உத்தியோகம் கொடுத்திருந்த ஒரு சரித்திர நாவல் எங்களிடம் வந்தது. வேறொரு இடத்தில் பணம் கட்டி ஏற்கெனவே ஒரு பதிப்பு போட்டுவிட்ட புத்தகம் அது. அந்த மனிதர் தாலுகா ஆபீஸில் வேலை பார்க்கிறவர். கூட வேலை செய்கிறவர்கள் அந்த வரியைச் சொல்லிச் சிரித்ததில் மனம் உடைந்து, ஒரு வருடம் எதுவும் எழுதவில்லை என்றார்.

இதனால்தான் எங்களுக்குள் இரண்டாம் வருடம் பெரிய சண்டை வந்தது. ஆபீஸில் ஒரு வெள்ளைப் பலகை உண்டு, மாதம் எத்தனை புத்தகம் என்று பிள்ளைகள் அதில் எழுதுவார்கள். நான் என் பங்குக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கிறேன். எங்களிடம் முதல் புத்தகம் போட்டவர்களில் யார் இரண்டாவது எழுதினார்கள் என்பது மட்டும் அதில் இருக்கும். முதல் புத்தகத்தை ஆசையில் எழுதிவிடலாம். அது வந்து, நாலு பேர் படித்து, ஒருவர் குறை சொல்லி, அதையும் தாங்கிக்கொண்டு மறுபடி உட்காருகிறவர்தான் எழுத்தாளராக நிற்பார். அப்படி நிற்க வைக்க முடியவில்லை என்றால் நாங்கள் நடத்துவது அச்சகம், அவ்வளவுதான் என்று சொன்னேன். ஐம்பது பக்கம் படிக்காமல் யாருக்கும் விலை சொல்லக் கூடாது, தயாராகவில்லை என்றால் குறிப்பு எழுதித் திருப்பி அனுப்ப வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன். வருகிற பணத்தைத் திருப்புகிறோமே என்று சின்னவன் அழாத குறை. அந்த வருடம் இரண்டு மாதம் சம்பளம் பத்தாம் தேதிக்குத்தான் வந்தது. நானும் வீட்டில் பேச்சு வாங்கினேன். இன்றைக்கு அந்த நோட்டில் 19 பெயர் இருக்கிறது. புதிதாக வருகிறவர்களில் பெரும்பாலோர் அந்தப் பத்தொன்பது பேரும் அவர்களுக்குத் தெரிந்தவர்களும் சொல்லி வருகிறவர்கள். போன மாதம் அந்தச் சின்னவனே பலகையில் ஒரு மூலையைப் பிரித்து 'இரண்டாவது' என்று எழுதி வைத்தான்.

எங்களிடம் எழுதிய ஓர் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். தென்மாவட்டத்து அரசு மருத்துவமனையில் பிரசவ வார்டில் 33 வருடம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். நான்கு நீள நோட்டைத் துணிப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு நேரிலேயே வந்தார். முதல் அறுபது பக்கம் தாய்மையின் பெருமை, நன்றி, பொன்மொழி. அறுபத்து மூன்றாம் பக்கத்தில், மழை ராத்திரி கரண்ட் போய், வார்டு ஆயா அரிக்கேன் விளக்கைப் பிடித்துக்கொள்ள, கொடி சுற்றிப் பிறந்த குழந்தை அழாமல் கிடந்த அந்த இரண்டு நிமிடம் வருகிறது. விளக்குப் பிடித்தவரின் கை நடுங்கியதால் சுவரில் எல்லாருடைய நிழலும் ஆடியது என்று எழுதியிருந்தார். நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். "அம்மா, புத்தகம் இங்கேதான் தொடங்குகிறது, முன்னால் இருப்பதை எடுத்துவிடலாம்" என்றேன். முகம் சுருங்கிவிட்டது. நோட்டை வாங்கிக்கொண்டு போனவர் இரண்டு மாதம் போன் எடுக்கவில்லை. மூன்றாம் மாதம் பதிவுத் தபாலில் முழுக்கத் திருப்பி எழுதிய பிரதி வந்தது. 168 பக்கப் புத்தகமாயிற்று. முதலில் நூறு பிரதி அடித்தோம், பிறகு நாற்பது, பிறகு அறுபது, இப்போதும் மாதம் பத்துப் பதினைந்து போகிறது.

1954-ஆம் வருடச் சட்டப்படி வெளியாகும் ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு பிரதி கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் நம் கன்னிமாராவுக்கும் மும்பை, டெல்லி நூலகங்களுக்கும் போக வேண்டும். பல பேர் செய்வதில்லை, நாங்கள் தவறாமல் அனுப்புகிறோம். அந்த அம்மாவிடம் இதைச் சொன்னபோது, "கன்னிமாராவில் எத்தனை வருஷம் வைத்திருப்பார்கள் சார்?" என்று கேட்டார். 1896-ல் திறந்த நூலகம் அம்மா, எடுத்து வீச மாட்டார்கள் என்றேன். ஒன்றும் பேசாமல் கைக்குட்டையை எடுத்துக்கொண்டார். இப்போது இரண்டாவது எழுதிக்கொண்டிருக்கிறார். வார்டு ஆயாவைப் பற்றியது.

இனி உன்னிடம் ஒரு வேலை சொல்ல வேண்டும். விளாத்திகுளம் பக்கத்திலிருந்து ஒரு பையன் நாவல் அனுப்பியிருக்கிறான். அப்பா கரிமூட்டம் போடுகிறவர், அதாவது விறகை அடுக்கி மண்ணால் மூடி எரித்துக் கரி எடுக்கிறவர், கதையும் அதுதான். எங்கள் திருத்துநர் பெண் எம்.ஏ. தமிழ் படித்த கெட்டிக்காரி, சென்னையிலேயே பிறந்து வளர்ந்தவள். ஏரிக்கு அவன் எழுதிய 'கம்மாய்' எல்லாவற்றையும் எழுத்து வழக்கில் 'கண்மாய்' ஆக்கிவிட்டாள், 41 இடம். நானும் பார்த்துச் சரி என்று விட்டுவிட்டேன். என் ஊர்ப் பக்கம் அதற்குக் குளம் என்றுதான் பெயர், உனக்குத் தெரியுமே. பையன் போன் பண்ணினான். கோபப்படவில்லை, நிதானமாகச் சொன்னான்: "எங்க ஊர்ல கண்மாய்னு ஒண்ணு கிடையாதுங்க சார், கம்மாய்தான் இருக்கு."

அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. படிக்க ஆள் வேண்டும் என்று இத்தனை சண்டை போட்டு, படித்தவர்களே ஊரை அழித்தால் என்ன செய்வது? 41 இடத்தையும் பழையபடி மாற்றிவிட்டோம். ஆனால் வேறு எங்கெல்லாம் கை வைத்திருக்கிறோம் என்று எனக்குப் பயமாக இருக்கிறது. சீமைக்கருவேலத்துக்கு அவன் எழுதிய வேலிக்கருவையை வேலிக்காத்தான் என்று மாற்றியதை நானே கண்டுபிடித்தேன். மூட்டம் போடுவது, தூர் தோண்டுவது, மண் பூசி மூடுவது, புகை நிறம் மாறுவதைப் பார்த்து உள்ளே வெந்துவிட்டதா என்று சொல்வது எல்லாம் வரும் அத்தியாயங்களில் எது அவன் சொல், எது எங்கள் சொல் என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. நீ நாற்பது வருடமாகக் கோவில்பட்டியில் இருக்கிறாய், அந்தக் கிராமங்களுக்கெல்லாம் சைக்கிளில் தபால் கொண்டுபோனவன். உன் காதுக்குத் தெரியும்.

212 பக்கம். நாளைக்கு ஸ்பீட் போஸ்டில் அனுப்புகிறேன். இதற்குக் கூலி உண்டு, நண்பன் என்று மறுக்காதே, திருத்துகிறவருக்குக் கொடுக்காமல் நாங்கள் எதையும் அச்சுக்கு அனுப்புவதில்லை. அவசரமில்லை, பங்குனிக்குள் வந்தால் போதும். சந்தேகப்படும் இடத்தில் பென்சிலால் கோடு மட்டும் போடு. பேனா வேண்டாம், பிரதி பையனிடம் திரும்பிப் போக வேண்டும்.

தங்கச்சியை மிகவும் கேட்டதாகச் சொல்.

உன்
முருகேசன்