அந்த எக்ஸ்ரே படத்தைப் பற்றி: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். நோயாளிகளுக்கு என்றுதான் முதலில் எழுதினேன், உடனே அடித்துவிட்டேன். உங்களில் பாதிப் பேர் இப்போது என்னைவிட வேகமாகப் படி ஏறுகிறீர்கள்.

மூன்று வாரமாக ஒரு எக்ஸ்ரே படம் போனுக்குப் போன் போய்க்கொண்டிருக்கிறது. கீழே ஒரு வரி: "கம்ப்யூட்டர் வைத்து மூட்டு மாற்றியும் கால் கோணல்தான்." உங்களில் சிலரே அதை எனக்கு அனுப்பி, "டாக்டர், இது நம்ம கிளினிக்கா?" என்று கேட்டீர்கள். நம்ம கிளினிக்தான். படத்தில் இருப்பவர் யார் என்று சொல்ல மாட்டேன். வலி இருக்கிறது என்கிறார், அதை நான் மறுக்கவும் இல்லை. வலியைப் பற்றி அவரும் நானும் நேரில் பேசிக்கொள்வோம். ஆனால் அந்தப் படத்தைப் பற்றி எல்லோரிடமும் பேசியாக வேண்டும்.

அது முட்டிக்கு மேலே ஒரு சாண், கீழே ஒரு சாண் தெரிகிற சின்னப் படம். கால் நேரா, கோணலா என்று சொல்ல மூன்று புள்ளிகள் வேண்டும்: இடுப்புப் பந்தின் நடு, முட்டியின் நடு, கணுக்காலின் நடு. கொத்தனார் தூக்குக்குண்டு விட்டுச் சுவரைப் பார்க்கிற மாதிரிதான். மேல் முனையும் கீழ் முனையும் படத்திலேயே இல்லை என்றால் குண்டை எங்கிருந்து விடுவது?

இன்னொன்றையும் கவனியுங்கள். படத்தில் முட்டிச் சில்லு நடுவில் இல்லை, வெளிப்பக்கமாக ஒதுங்கி நிற்கிறது. படம் எடுத்தபோது கால் வெளியே திரும்பியிருந்தது என்று அர்த்தம். முட்டியும் முழுசாக நீளாமல் கொஞ்சம் மடங்கியிருந்தால் கேட்கவே வேண்டாம். நீங்களே ஒருமுறை கண்ணாடி முன் நின்று, முட்டியை லேசாக மடக்கி, காலை வெளியே திருப்பிப் பாருங்கள். எந்த நேரான காலும் வில் மாதிரி தெரியும். இடுப்பிலிருந்து கணுக்கால் வரை, அவரை நிற்க வைத்து எடுத்த நீளப் படம் எங்களிடம் இருக்கிறது. அதை ஊருக்குக் காட்ட எனக்கு உரிமை இல்லை. அவர் கேட்ட நிமிஷமே கையில் கொடுப்பேன். இதுவரை கேட்கவில்லை.

சரி, கம்ப்யூட்டர் என்னதான் செய்கிறது? பழைய முறையில் தொடை எலும்புக்குள் ஒரு கம்பியைச் செருகி, அதிலிருந்து 5 முதல் 7 டிகிரி வரை சாய்வு வைத்து எலும்பை வெட்டுவோம். எலும்பே வளைந்திருந்தால் கம்பியும் நம்மைத் தப்பான பக்கம் கூட்டிப் போகும். பழைய முறிவுக்கு உள்ளே கம்பி வைத்திருப்பவர்களுக்கு நம் கம்பி நுழையவே நுழையாது. கம்ப்யூட்டர் வழிகாட்டுகிற முறைக்கு நேவிகேஷன் என்று பெயர், அதில் அந்தக் கம்பி கிடையாது. தொடை எலும்பிலும் கீழ்க்கால் எலும்பிலும் ஆணி மாதிரி பின் குத்தி, அதில் சின்னப் பந்துகளை மாட்டுவோம். அகச்சிவப்புக் கேமரா அவற்றைப் பார்த்துக்கொண்டே இருக்கும். தொடையை வட்டமாகச் சுழற்றினால் இடுப்பின் நடு எங்கே என்று கம்ப்யூட்டரே கணக்குப் போடும். முட்டியின் நடுவையும் கணுக்காலின் இரண்டு பக்க முண்டுகளையும் ஒரு கருவியின் முனையால் தொட்டுக் காட்ட வேண்டும். தொடுவது எங்கள் கை. இடம் தவறித் தொட்டால், அந்தத் தப்பையும் டிகிரிக் கணக்கில் சுத்தமாகத் திரையில் காட்டும். எலும்பை வெட்டுவதும் கம்ப்யூட்டர் இல்லை, நாங்கள்தான். பலர் இதை ரோபோ என்று நினைத்துவிடுகிறீர்கள்.

1997-ல் பிரான்சின் கிரெனோபிள் நகரில் முதல் முட்டி இப்படி மாற்றப்பட்டது. 2007-ல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, 3 டிகிரிக்கு மேல் விலகிய கால்கள் பழைய முறையில் 31.8 சதவீதம், நேவிகேஷனில் 9 சதவீதம். பெரிய வித்தியாசம்தான். ஆனாலும் ஒன்பது பூஜ்யம் இல்லையே.

அப்புறம், நேராக இருப்பது வேறு, சௌகரியமாக இருப்பது வேறு. கொரியாவில் 520 பேருக்கு ஒரு முட்டி கம்ப்யூட்டர் வைத்தும், மறு முட்டி பழைய முறையிலும் மாற்றினார்கள். சராசரியாகப் பத்து வருஷத்துக்கும் மேலே தொடர்ந்து பார்த்தார்கள். நடையிலோ மூட்டின் ஆயுளிலோ சொல்லும்படி வித்தியாசம் இல்லை என்று 2012-ல் எழுதினார்கள். மூட்டு மாற்று ஆபரேஷன்களைப் பதிந்து வைக்கிற ஆஸ்திரேலியப் பதிவேட்டின் கணக்கு 2015-ல் வேறு மாதிரி சொன்னது: 65 வயதுக்குக் கீழே உள்ளவர்களில், ஒன்பது வருஷத்தில் மறு ஆபரேஷன் தேவைப்பட்டது பழைய முறையில் 7.8 சதவீதம், நேவிகேஷனில் 6.3. என் அனுபவமும் இந்தப் பக்கம்தான் சாய்கிறது. சின்ன வயதுக்காரர்களுக்கும் எலும்பு வளைந்தவர்களுக்கும் கட்டாயம் வேண்டும், மற்றவர்களுக்கு நல்லது, அவ்வளவே. ஆபரேஷன் கொஞ்சம் நீளும், பின் குத்திய இடம் சில நாள் வலிக்கும்.

எங்கள் பக்கம் ஒரு தப்பு உண்டு. வாசல் பலகையில் "நூறு சதவீதத் துல்லியம்" என்று எழுதி வைத்திருந்தோம். பலகை எழுதியவர் கேட்டார், நான் தலையை ஆட்டிவிட்டேன். போன வாரம் இறக்கிவிட்டோம். அதைப் பார்த்து வந்தவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

கேமராவையும் திரையையும் எட்டு வருஷம் பார்த்துக்கொண்ட நம்ம தம்பியை உங்களுக்கெல்லாம் தெரியும். ஆபரேஷன் மேஜையில் உங்கள் கையைப் பிடித்துப் பேச்சுக் கொடுத்தவர். வேறு இடத்தில் நல்ல வேலை கிடைத்துப் போய்விட்டார். படத்துக்குப் பயந்து போனார் என்று ஒரு பேச்சு அடிபடுகிறதாம். அப்படி இல்லை, அவர் மூன்று மாதம் முன்பே சொல்லிவிட்டார். புது ஆள் வரும்வரை நேவிகேஷன் செவ்வாய்க்கிழமைகளில் மட்டும், மற்ற நாட்களில் பழைய முறை, கட்டணம் இரண்டுக்கும் ஒன்றுதான், ஏற்கெனவே நாள் குறித்தவர்களுக்கும் சேர்த்து.

இந்த மூன்று வாரமும் போன் போட்டு, "நாங்க இருக்கோம் டாக்டர்" என்று சொன்ன ஒவ்வொருவருக்கும் நன்றி. நீங்கள் அனுப்பி வைத்த சொந்தக்காரர்களால்தான் இந்த இடம் இத்தனை வருஷம் நிற்கிறது. அதிலும் ஒரு அம்மா, "என் காலைப் பாருங்க, எவ்வளவு நேரா இருக்கு" என்று தன் எக்ஸ்ரேயைப் பதிலுக்கு எல்லோருக்கும் அனுப்பியிருக்கிறார். அம்மா, உங்கள் அன்புக்குத் தலை வணங்குகிறேன். ஆனால் அதுவும் சின்னப் படம்தான். நீளப் படம் ஒன்று எடுத்துவிடுவோம், ஒரு நாள் வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் மூட்டு டாக்டர்