மணலில் படுத்துக் கிடக்கும் கொடி

அன்புள்ள சேகர்,

பதில் இவ்வளவு தாமதமானதற்குத் திட்டாதே, வீடு மாற்றியதில் மேஜையே நேற்றுதான் பெட்டிகளுக்கு நடுவிலிருந்து வெளியே வந்தது. அம்மாவுக்கு முட்டிவலி குறைந்ததில் நிம்மதி. மாங்கன்றுகளுக்கு நீயே ஒட்டுக்கட்டி, பத்தில் ஏழு பிடித்துக்கொண்டது என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்ததும் உனக்கு ரமிஷ்கு என்ற போர்ச்சுகல் ஒயின் திராட்சையைப் பற்றிச் சொல்லத் தோன்றியது.

ஐரோப்பாவில் இன்று எந்தத் திராட்சைத் தோட்டத்துக்குள் போனாலும் அநேகமாக எல்லாம் ஒட்டுக்கொடிதான். 1860களிலிருந்து ஃபிலாக்ஸெரா என்ற பொடிப்பூச்சி வேரை உறிஞ்சியே நாடு நாடாகத் தோட்டங்களை அழித்தது. அமெரிக்காவிலிருந்து வந்த பூச்சி, கடைசியில் அமெரிக்கக் கொடியின் வேரில் ஒட்டுக்கட்டித்தான் தப்பித்தார்கள். ரமிஷ்குவுக்கு அந்தத் தேவையே வரவில்லை. லிஸ்பனுக்கு மேற்கே, சிண்ட்ரா மலைக்கும் அட்லாண்டிக்குக்கும் நடுவே, கொலாரெஷ் என்ற ஊரின் கடலோர மணலில் விளைகிற கருப்புத் திராட்சை இது. மணலுக்குள் அந்தப் பூச்சியால் நகர முடியாது.

நடுவதுதான் பெரிய கூத்து. மணலுக்கு அடியில் இருக்கும் களிமண்ணில்தான் குச்சி வேர்பிடிக்க வேண்டும், அதற்காக ஆள் உயரத்துக்கு மேலேகூடப் பள்ளம் வெட்டுவார்கள். முன்பெல்லாம் பள்ளத்தில் இறங்குகிறவர் தலையில் கூடையைக் கவிழ்த்துக்கொள்வாராம். மணல் சரிந்து மூடிவிட்டால், தோண்டி எடுக்கும்வரை மூச்சுவிடக் கொஞ்சம் காற்று வேண்டுமே! இதைக் கேட்டபிறகு ரமிஷ்கு ஒயின் பாட்டிலின் விலையைப் பற்றி முணுமுணுக்க மனம் வரவில்லை, அதுவும் அரை லிட்டர் பாட்டில்.

செப்டம்பர் தொடக்கத்தில் போய்ப் பார்த்தேன். கொடிக்குப் பந்தலும் கிடையாது, கம்பியும் கிடையாது, தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்கிறது, கடல்காற்றுக்கு நாணல் தட்டி மறைப்பு. பழம் சுடுமணலில் வெந்துவிடாமல் இருக்கச் சின்னச் சின்னக் குச்சிகளை முட்டுக்கொடுத்துக் கிளையைத் தூக்கி விட்டிருக்கிறார்கள். குனிந்து பார்த்தால் குட்டிக் குட்டிப் பழம், தடித்த தோல்.

அந்தத் தோல்தான் என்னை ஏமாற்றியது. ஒயினை வாங்கி வந்த அன்றே திறந்துவிட்டேன். கடுக்காயைக் கடித்தது போல நாக்கு மேலண்ணத்தோடு ஒட்டிக்கொண்டது. ஆல்கஹால் 12 சதவீதம் பக்கம்தான், ஆனால் தோலிலிருந்து வந்த துவர்ப்பும், கூடவே புளிப்பும்! பல வருஷம் கிடப்பில் போட்டால்தான் இறங்கிவருமாம், கடைக்காரர் இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். மறுநாள் மிச்சத்தைக் குடித்தபோது கொஞ்சம் பணிந்திருந்தது, ஏதோ உப்புக்காற்று வாசம்கூட வந்தது, அல்லது கடலைப் பார்த்துவிட்டு வந்த நினைப்போ என்னவோ.

இந்த ஒயினுக்கு 1908லேயே எல்லை வகுத்துச் சட்டம் போட்டிருக்கிறார்கள், 1931இல் தொடங்கிய கூட்டுறவு ஒயின்கூடம் இன்றும் நடக்கிறது. ஆனால் தோட்டம் என்று மிஞ்சியது சில பத்து ஹெக்டேர்தான். பூச்சியை நிறுத்திய மணலால் வீட்டுமனைக்காரர்களை நிறுத்த முடியவில்லை. கடலைப் பார்த்த மனை, லிஸ்பனிலிருந்து கூப்பிடு தூரம், யார் விடுவார்கள்? விற்றவர்களைக் குறைசொல்லவும் எனக்கு வாய் வரவில்லை, அந்தப் பள்ளத்தை நான் வெட்டப் போவதில்லையே.

உனக்காக ஒரு பாட்டிலை அலமாரிக்கு அடியில் படுக்கப் போட்டிருக்கிறேன். அவசரப்பட்டுச் சீக்கிரம் வந்து நிற்காதே. சரி, பிடிக்காமல் போன அந்த மூன்று கன்றுகளை என்ன செய்தாய்?

அன்புடன்,
ரவி