வாரக் குளியல் பேக்கேஜை விட்டுவிடுங்கள்: நாய் குரூமிங் நிலையம் நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

நாய்களைக் குளிப்பாட்டி, முடி வெட்டி, நகம் நறுக்கிவிடும் நிலையங்களின் உரிமையாளர்களுக்கும், அங்கே நாள் முழுக்கத் தொட்டியருகே நின்று வேலை பார்ப்பவர்களுக்கும் வணக்கம்.

இதை எழுதும் எங்களில் சிலர் நாய்களின் தோல் நோய்களைப் பார்க்கும் கால்நடை மருத்துவர்கள். மற்றவர்கள் உங்களைப் போலவே குரூமிங் தொழிலில் இருப்பவர்கள். நாங்கள் கேட்பது ஒன்றுதான். வந்த நாய்க்கெல்லாம் “வாரம் ஒரு குளியல்” என்று ஒரே பேக்கேஜை விற்காதீர்கள். எத்தனை நாளுக்கு ஒருமுறை குளிப்பாட்டலாம் என்பதை முடியையும் தோலையும் தொட்டுப் பார்த்துச் சொல்லுங்கள்.

நாயின் மேல்தோல் மெல்லியது. 3 முதல் 5 அடுக்கு செல்கள்தான் இருக்கும். மனிதத் தோலில் அது 10-க்கும் மேல். அடியில் உருவாகும் செல் மேலே வந்து உதிர ஏறத்தாழ மூன்று வாரம் பிடிக்கிறது. ஈரம் வற்றாமலும் கிருமி நுழையாமலும் தோலைக் காப்பதில் எண்ணெய்ச் சுரப்பிகள் விடும் பசைக்குப் பெரிய பங்கு உண்டு. கடுமையான ஷாம்பு போட்டு வாராவாரம் அதை வழித்தெடுத்தால் தோல் வறண்டு பொடுகு உதிரும், நாய் சொறியத் தொடங்கும். அதை அழுக்கு என்று நினைத்து உரிமையாளர் மறுபடி உங்களிடமே கூட்டிவருவார். வியாபாரத்துக்கு நல்லதுதான்; நாய்க்கு அல்ல. மனித ஷாம்புவும் வேண்டாம். நம் தோலின் பிஹெச், அதாவது அமில-காரத் தன்மையின் அளவு, 5-ஐ ஒட்டியது; அது லேசான அமிலம். நாயின் தோல் நடுநிலைக்கு (7) நெருக்கமானது.

தோல் நன்றாக இருக்கும் நாய்க்கு எங்கள் பரிந்துரை இது. லாப்ரடார், பீகிள் போன்ற குட்டைமுடி நாய்க்கு ஒன்று முதல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதும். சேற்றில் புரண்டால் அது வேறு கணக்கு. பொமரேனியன், ஹஸ்கி, ஜெர்மன் ஷெப்பர்ட் போல அடர்ந்த உள்முடி உள்ளவற்றுக்கு ஆறு முதல் எட்டு வாரம். இவற்றுக்குக் குளியலைவிட வாரத்தில் இரண்டு மூன்று நாள் உள்முடியைச் சீவி எடுப்பதுதான் முக்கியம். ஷிட்ஸு, லாசா, பூடில் வகைகளுக்கு முடி வளர்ந்துகொண்டே போகும், சிக்கும் விழும். மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை குளியலும் வெட்டும் சேர்ந்தே நடக்கட்டும். காக்கர் ஸ்பேனியல், பாசெட் ஹவுண்ட் மாதிரி எண்ணெய் வழியும் தோலுக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறைகூடத் தேவைப்படலாம்.

அடிக்கடி குளிப்பாட்டுவதே தப்பு என்றும் சொல்லிவிடாதீர்கள். ஒவ்வாமைத் தோல்நோய் உள்ள நாய்க்கு மென்மையான ஷாம்புவும் வெதுவெதுப்பான நீரும் கொண்டு வாரம் ஒரு குளியல் என்பது சிகிச்சையின் ஒரு பகுதி. மலசீசியா என்னும் ஈஸ்ட் பெருகி அக்குளும் கழுத்தும் பிசுபிசுத்து நாறினால், 2 சதவீதம் குளோர்ஹெக்சிடின் என்னும் கிருமிநாசினியும் 2 சதவீதம் மைகோனசோல் என்னும் பூஞ்சைக்கொல்லியும் கலந்த ஷாம்புவை வாரம் இரண்டு முறை போடச் சொல்லி மருத்துவர் எழுதித் தருவார். அந்த ஷாம்பு தோலில் 10 நிமிடம் நிற்க வேண்டும். கடிகாரத்தைப் பாருங்கள்; அவசரத்தில் இரண்டே நிமிடத்தில் அலசிவிடுவதால்தான் “மருந்து ஷாம்பு வேலை செய்யவில்லை” என்ற புகார் வருகிறது. பாதிப்பு அதிகமுள்ள இடத்தில் முதலில் தடவினால் அங்கே கூடுதல் நேரம் கிடைக்கும்.

நாய் உள்ளே வந்ததும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: உண்ணிக்கும் தெள்ளுப்பூச்சிக்கும் கழுத்தில் சொட்டு மருந்து விட்டிருக்கிறார்களா, எப்போது? ஃபிப்ரோனில் வகைச் சொட்டு மருந்து தோலின் எண்ணெய்ப் பசையோடு பரவி எண்ணெய்ச் சுரப்பிகளில் தங்குகிறது. அதை விடுவதற்கு முன்னும் பின்னும் இரண்டு நாள் குளியல் கூடாது. பிறகும் அடிக்கடி ஷாம்பு போட்டால் மருந்தின் காலம் குறையும். மாத்திரையாகக் கொடுக்கும் மருந்துக்கு இந்தச் சிக்கல் இல்லை.

இனி, நாங்கள் அதிகம் கவலைப்படும் விஷயம். உங்கள் அலமாரியில் தண்ணீர் கலந்து வைத்திருக்கும் ஷாம்பு பாட்டில்.

கெட்டியான ஷாம்புவில் அது கெடாமல் இருக்கத் தேவையான அளவு பாதுகாப்புப் பொருள் இருக்கும். 50 மில்லியை அரை லிட்டர் தண்ணீரில் கலந்ததுமே அந்தப் பாதுகாப்பும் நீர்த்துவிடுகிறது. அப்படிக் கலந்ததை நாள்கணக்கில் வைத்து, தீரத் தீர மேலே ஊற்றி நிரப்பினால் அதில் சூடோமோனாஸ் பாக்டீரியா வளரும். பிறகு முடியின் போக்குக்கு எதிராக அழுத்தித் தேய்க்கும்போது அது முடிக்கால்களுக்குள் இறங்கிவிடுகிறது. குளித்த ஓரிரு நாளில் நாய் சுருண்டு படுக்கும், காய்ச்சல் வரும், முதுகைத் தொட்டாலே அலறும். முடியை விலக்கினால் முதுகுத்தண்டு நெடுக ரத்தமும் சீழும் கட்டிய கொப்புளங்கள் தெரியும். உரிமையாளர் முதுகெலும்பில் அடிபட்டதாக நினைத்துத்தான் ஓடிவருவார். ஆன்டிபயாடிக் வாரக்கணக்கில் கொடுக்க வேண்டியிருக்கும்.

தவிர்ப்பது எளிது. லேபிளில் சொன்ன அளவில் அந்தந்த நாய்க்கு மட்டும் கலக்குங்கள், மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். பாட்டிலையும் ஸ்பாஞ்சையும் கழுவி முழுக்கக் காயவிடுங்கள். முடி படியும் திசையிலேயே தேயுங்கள்.

குளியலுக்கு முன் சிக்கு எடுத்துவிட வேண்டும். நனைந்த சிக்கு இறுகிக் கம்பளிபோல் ஆகிவிடும். அதனடியில் ஷாம்புவும் ஈரமும் தேங்கித் தோல் வெந்துபோகும். தண்ணீரை உங்கள் மணிக்கட்டின் உள்பக்கம் ஊற்றிப் பாருங்கள், சுடவே கூடாது. தலையைக் கடைசியில் ஈரத்துணியால் துடைத்தால் காதுக்குள் நீர் இறங்காது. அலசும்போது அக்குள், தொடையிடுக்கு, அடிவயிறு, விரலிடுக்கு ஆகிய நான்கு இடங்களில்தான் நுரை தங்கும். தண்ணீர் தெளிவாக வடிந்த பிறகும் அங்கே மட்டும் இன்னொரு முறை அலசுங்கள்.

உள்முடி அடர்ந்த நாய் மேலே காய்ந்ததுபோல் தெரியும். காதுக்குப் பின்னால், கழுத்தடியில், வாலின் அடியில் முடியைப் பிரித்துத் தோலைத் தொட்டுப் பாருங்கள். அங்கே ஈரம் நின்றால், நாய் நக்கியும் சொறிந்தும் சில மணி நேரத்துக்குள் சிவந்து நீர் கசியும் புண்ணாகிவிடும். ப்ளோயரின் சூட்டை உங்கள் கையில் வாங்கிக்கொண்டே பிடியுங்கள். பக், புல்டாக் போன்ற தட்டை மூக்கு நாய்களைச் சூடான ட்ரையர் கூண்டில் வைக்கவே வேண்டாம். அவற்றால் மூச்சிரைத்து உடல் சூட்டைச் சரிவரத் தணித்துக்கொள்ள முடியாது, உயிரே போகலாம்.

நாற்றம் என்று வரும் நாயின் காது, பற்கள், முகமடிப்பு, ஆசனவாய்ச் சுரப்பி ஆகியவற்றை முதலில் பாருங்கள். நாற்றம் அங்கிருந்து வந்தால் எந்த ஷாம்புவும் உதவாது. புண், வட்டவட்டமாக முடி உதிர்ந்த இடம், கருத்துத் தடித்த தோல், காதில் சீழ் என்று எது கண்ணில் பட்டாலும் அன்று குளிப்பாட்டாமல் மருத்துவரிடம் அனுப்புங்கள். அவர் தோலில் டேப் ஒட்டியெடுத்து நுண்ணோக்கியில் பார்க்க வேண்டிய கிருமிகளை நீங்கள் கழுவிவிட்டால், காரணத்தைக் கண்டுபிடிப்பது அவருக்குக் கடினமாகிவிடும். அன்றைக்குக் கட்டணத்தையும் வாங்காதீர்கள்.

இப்படிக்கு,
நாய்களின் தோல் நலனில் அக்கறையுள்ள மருத்துவர்களும் குரூமிங் தொழிலாளர்களும்