நீ வளர்த்த பச்சைப் புழு

அன்பு மகள் தேன்மொழிக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் இதை நிதானமாகச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

போன மாதம் வாசல் நந்தியாவட்டையில் நுனிக்கிளைகள் மொட்டையாக நின்றன. தரையில் மிளகு போல எச்சம். இலைகளை விலக்கிப் பார்த்தால், விரல் நீளத்துக்கு ஒரு பச்சைப் புழு. மயிரே இல்லை, வழுவழுவென்று இருந்தது. பக்கவாட்டில் வெள்ளைக் கோடு, அதையொட்டிப் பொடிப்பொடியாக வெள்ளைப் புள்ளிகள், வாலில் மஞ்சளாய் ஒரு குட்டிக் கொம்பு. கிளையை லேசாகத் தட்டினேன். தலையை உள்ளே இழுத்து உடம்பை உப்பியது. தலைக்குப் பின்னால் நீலமும் வெள்ளையுமாக இரண்டு பெரிய கண்கள்! நிஜக் கண்கள் இல்லை, எதிரியை மிரட்ட வந்த பொய்க் கண்கள். தெரிந்தும் என் கை பின்னால் போனது.

நீ ஏழாம் வகுப்பில் செருப்பு டப்பாவில் வைத்து வளர்த்தாயே, அதே புழு. விஷப்பூச்சி என்று நான் அதைச் சுவருக்கு அந்தப் பக்கம் வீசினேன். அன்று ராத்திரி நீ சாப்பிடவில்லை. அது யாரையும் கடிக்காது, கொட்டாது கண்ணு. நந்தியாவட்டை மட்டுமல்ல, ஆடு மாடு ஒதுக்கும் அரளி இலையையும் தின்று வளர்கிற ஜீவன் அது. அப்பா செய்தது தப்பு.

இந்த முறை விடவில்லை. சில நாளில் அதன் பச்சை மங்கிப் பழுப்பாகி, தரைக்கு இறங்கியது. மண்ணும் சருகும் போட்ட வாளியில் எடுத்து வைத்தேன். சருகுக்குள்ளேயே கூட்டுப்புழுவானது. இரண்டு வாரத்துக்குப் பிறகு ஒரு ராத்திரி, அம்மாதான் கூப்பிட்டாள். கசங்கிய துணி போலிருந்த இறக்கை எங்கள் கண் முன்னாலேயே மெல்ல மெல்ல விரிந்தது. விரித்தால் நாலு அங்குலம் இருக்கும். கரும்பச்சை, பாசிப்பச்சை, வெளிர்பச்சை, நடுவே வளைந்து ஓடும் வெள்ளையும் ரோஜா நிறமும். ராணுவ உடுப்பில் யாரோ ரோஜாவைக் கரைத்துத் தெளித்த மாதிரி. இலைகளுக்கு நடுவே உட்கார்ந்தால் கண்டுபிடிக்க முடியாது. கொஞ்ச நேரம் உடம்பு நடுங்க இறக்கைத் தசைகளைச் சூடேற்றிக்கொண்டு, சட்டென்று பறந்துவிட்டது.

அரளி அந்துப்பூச்சி என்கிறார்கள். 1758-லேயே லின்னேயஸ் என்ற ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானி இதற்கு அரளியின் பெயரைச் சேர்த்துத்தான் அறிவியல் பெயர் வைத்திருக்கிறார். ஆப்பிரிக்காவிலிருந்து நம் ஊர், தென்கிழக்கு ஆசியா வரை உண்டு. 1974-ல் ஹவாய்த் தீவுகளிலும் தென்பட்டது. பூவில் உட்காராமல் அந்தரத்தில் நின்றபடியே நீண்ட குழலால் தேன் குடிக்கும்.

உனக்கு எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் இதுதான். கோடையில் இது கடல் தாண்டி ஐரோப்பாவுக்கும் பறந்து போகிறது. சில வருஷங்களில் நீ இருக்கிற ஜெர்மனி வரைக்கும் வருமாம். அங்கத்திய குளிரைத் தாங்காது, அதனால் நிரந்தரமாகத் தங்குவதில்லை. உன் எதிர்வீட்டு பால்கனியில் தொட்டியில் அரளி வைத்திருப்பதாகச் சொன்னாயே. ஆகஸ்டில் கேட்டுக்கொண்டு போய் அதன் இலைகளைப் பார். புழு இருந்தால் உடனே படம் எடுத்து அனுப்பு. இங்கே நடுராத்திரியாக இருக்குமே என்று யோசிக்காதே.

அன்புடன்,
அப்பா